பானையின் மேற்பூச்சு

யாழ்ப்பாண நகரை விட்டு மானிப்பாய் நோக்கிச் செல்லும் வீதியிலே, மானிப்பாயை அடைவதற்குச் சற்று முன்னர் ஆனைக்கோட்டை என்னும் ஊர் உண்டு. மானிப்பாய்க்கு வடக்கே சில மைல் தொலைவில் இருப்பது கந்தரோடை. மானிப்பாய் என்றவுடன் மருதடி விநாயகர் கோயிலும், வைத்தியர் கிறீன் நினைவாக விளங்கும் மருத்துவமனையும், அமெரிக்க மிஷனார் அங்கு நிறுவிய அச்சுக்கூடமும் பலருக்கும் நினைவுக்கு வரும். அவையெல்லாம் நேற்றையவை என்று சொல்லத்தக்க அளவுக்குத் தொன்மை வாய்ந்த இரு நிலங்கள் அவ்வூருக்குத் தெற்கிலும் வடக்கிலும் உள்ளன என்பது அத்துணைப் பரவலாக அறியப்பட்ட செய்தியன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மட்கல ஓடுகள் அவ்விரு நிலங்களிலும் கிடைத்துள்ளன. அவ்வோடுகளின் களியே அவை எங்கே பிறந்தன என்னும் வழக்கைப் பெரிதும் தீர்த்து வைத்தது.

ஆனைக்கோட்டையின் கதை 1980ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. கரையாம்பிட்டி என்னும் இடத்திலே நிலம் நிரப்புவதற்காக மண் வெட்டி எடுத்தபோது பழைய எச்சங்கள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆய்வாளர் குழுவொன்று அங்கு சென்று அகழ்ந்தது. பின்னர் குடாநாட்டின் தொல் குடியிருப்புகளைப் பற்றி விரிவான நூல் எழுதி 1987இல் வெளியிட்ட பொ. இரகுபதியும் அப்பணியில் முதன்மையான பங்கு கொண்டவர். பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதையல் அது. நீட்டிக் கிடத்திய மனித எலும்புக்கூடும், அதன் அருகே படைக்கப்பட்ட கலங்களும், ஒரு சிறு முத்திரையும் கிடைத்தன. முத்திரையின் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் இருந்தன. அவ்வெழுத்துக்களைக் கோவேத என்று வாசித்தனர்.

முத்திரை பெரும் புகழ் பெற்றது. அதனைப் பற்றிக் கட்டுரைகள் எழுந்தன, வாதங்களும் எழுந்தன. கலங்களைப் பற்றிப் பேசியோர் சிலரே. எழுத்துள்ள பொருளுக்கு எழுத்தில்லாத பொருள் தோற்பது வரலாற்றுத் துறையின் பழைய குறைகளுள் ஒன்று. முத்திரையில் உள்ளவை மூன்றே எழுத்துக்கள். கலங்களோ, அவற்றின் மொழி தெரிந்தவருக்கு, மண் தோண்டிய இடம் முதல் சூளையில் அடுக்கிய முறை வரை சொல்லவல்லவை.

ஆனைக்கோட்டைக் கலங்களிற் சிறப்பானவை கருப்பு சிவப்பு மட்கலம் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்ட வகையைச் சேர்ந்தவை. உட்புறமும் விளிம்பும் கரியவை. வெளிப்புறத்தின் கீழ்ப்பாதி சிவந்தது. அலெக்சாந்தர் றே 1899 முதலாக அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும், தமிழ்நாட்டின் வேறு பல ஈமக்காடுகளிலும், இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள பொம்பரிப்பிலும் இவ்வகைக் கலங்கள் கிடைத்துள்ளன. இவற்றைக் கையில் எடுத்தால் முதலிற் புலப்படுவது நிறம் அன்று, வழவழப்பு. பானையின் உடல் மணல் கலந்த சொரசொரப்பான களி. அதன்மேல் மணலே இல்லாத மிக நுண்ணிய களி ஒரு தோல்போலப் படிந்து மினுங்குகின்றது. இத்தோலையே களிப்பூச்சு என்கிறோம். பீங்கானின் மேலுள்ள கண்ணாடி போன்ற பளபளப்போடு இதனை மயங்கலாகாது. அது உருகிக் கண்ணாடியாகிய பொருள். இதுவோ மண்ணாகவே நின்று, மெருகினாலும் தீயினாலும் ஒளி பெற்றது.

களிப்பூச்சு செய்யும் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. வயலோரத்திலோ குளக்கரையிலோ தோண்டிய களியை வெயிலிற் காயவைத்து, கட்டி உடைத்து, நீரில் ஊறவிடுவர். ஈரமான களியை நேரே நீரிலிட்டால் அது எளிதிற் கரையாது. நன்றாகக் காய்ந்ததே நீர் பட்டவுடன் தானாக உதிர்ந்து கரையும். கரைந்த குழம்பைக் கலக்கிச் சற்றே நிற்க விட்டால் கல்லும் மணலும் அடியிற் போய்விடும். மேலே நிற்கும் கலங்கலை மெல்ல வேறொரு கலத்தில் வடித்து, மறுபடியும் நிற்க விட்டு, மறுபடியும் வடிப்பர். கூவைக்கிழங்கை அரைத்து நீரிற் கரைத்து மா எடுக்கும் வேலையைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஒரு வேறுபாடு உண்டு. கூவைமாவில் அடியிற் படிந்ததை வைத்துக்கொண்டு மேல்நீரைக் கொட்டுவர். களியிலோ முதலிற் படிந்ததைக் கொட்டிவிட்டு மேல்நீரை வைத்துக்கொள்வர். இவ்வாறு மூன்று நான்கு முறை வடித்தபின் எஞ்சுவது பாலாடைபோன்ற குழம்பு. விரலிடையே தேய்த்தால் மணல் தட்டாது. பல்லிடையே வைத்தால் நறநறக்காது. பல்லிடையே வைத்துப் பார்ப்பது குயவர் கையாண்ட சோதனைகளுட் சிறந்தது; விரலுக்குத் தப்பிய மணலும் பல்லுக்குத் தப்பாது.

வனைந்த கலம் பாதி காய்ந்து, தோல்போல விறைத்து நிற்கும் பருவத்திலே இக்குழம்பிற் கலத்தைத் தோய்ப்பர். அல்லது துணியாற் பூசுவர். பருவம் தப்பினால் வேலை கெடும். முற்றும் காய்ந்த கலத்தின்மேற் பூசினால், உடல் சுருங்கி முடிந்திருக்கப் பூச்சு மட்டும் பின்னர்ச் சுருங்குவதால், அது செதில் செதிலாக உரியும். தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். பூசியது சற்று உலர்ந்தபின் கூழாங்கல்லாலோ வழவழப்பான விதையாலோ தேய்த்தால், களியின் தட்டையான நுண்துகள்கள் ஒரே திசையில் அடுக்காகப் படிந்து ஒளியைத் திருப்பியனுப்பும். மினுக்கத்தின் மறைபொருள் இவ்வளவே. சிவப்பு வேண்டுமாயின் இரும்பு மிகுந்த செம்மண்ணை அல்லது காவியைச் சேர்ப்பர். மஞ்சளாகத் தோன்றும் மண்ணும் தீயிற் சிவக்கும். வெண்மை வேண்டுமாயின் இரும்பற்ற வெண்களி வேண்டும். கொங்குநாட்டுக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வுகளிலே, வெண்கோடுகள் தீட்டி அதன்மேல் செங்காவிப் பூச்சுப் பூசிய கலங்கள் கிடைத்தன. இரு பூச்சுக்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையாளும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தனர் அக்குயவர்.

இத்தொழிலுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு இணக்கமான நிலம் அன்று. நிலத்தின் அடியெங்கும் சுண்ணக்கல். அதன்மேல் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பகுதிகளிற் காணும் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போனது. நிறம் தர அது உதவும். பானை வனைய வேண்டிய நெகிழ்ச்சி களிமண்ணிலேயே உண்டு. களியிலே சுண்ணக்கல் துணுக்கு ஒன்று கலந்துவிட்டால் வரும் தீங்கு பெரிது. சூளையின் வெப்பம் 800 பாகை அளவை எட்டும்போது அத்துணுக்கு நீறாகிவிடும். கலம் சூளையை விட்டு நல்ல தோற்றத்துடனே வெளிவரும். சில நாட்களின் பின் அந்நீறு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பானையின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே தெறிக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றும் நாட்டிலே இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. களி தோண்டியவுடன் அதன்மேல் எலுமிச்சஞ்சாறு ஒரு துளி விட்டால், சுண்ணம் உள்ளது நுரைக்கும். பாப்புவாக் கரையோரத்துக் குயவர் இத்தொல்லைக்கு மாற்றாகக் களியைக் கடல்நீரிற் பிசைவதை ஓவன் றை என்னும் ஆய்வாளர் 1976இல் விளக்கி எழுதினார். உப்பானது சுண்ணத்தின் பருத்தலைத் தடுத்துவிடுகின்றது.

களியை வடிப்பதற்கு நீரும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். சுண்ணம் கரைந்த கிணற்று நீரிலே களியின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு விரைவிற் கீழே போய்விடும். நுண்ணியதும் பருத்ததும் பிரியா. மழைநீரிலே அவை நெடுநேரம் மிதந்து நிற்கும். எனவே இக்குடாநாட்டிலே நல்ல பூச்சு செய்ய விரும்புபவனுக்குக் களியும் மழைநீரும் ஒருங்கே கிடைக்கும் தாழ்நிலம் வேண்டும். அத்தகைய தாழ்நிலம் இங்கு மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, குடாநாட்டின் ஒரே ஆறு என்று சொல்லப்படும் வழுக்கையாற்றின் படுகை. மாரிகாலத்தில் மட்டும் ஓடும் அவ்வாறு கந்தரோடைப் பக்கமாக வந்து, சண்டிலிப்பாய், நவாலி ஊர்களின் வயல்களை நனைத்து, அராலியிலே கடலேரியிற் கலக்கின்றது. பழைய குடியிருப்புகள் அப்படுகையை அடுத்து அமைந்தமை தற்செயல் என்று தோன்றவில்லை. நெல் விளைந்த தாழ்நிலமே களி கொடுத்த நிலமும் ஆகும்.

பூசிய கலத்தின் விதியை முடிவு செய்வது தீ. களியில் உள்ள இரும்பு, ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தாற் சிவக்கும், கிடையாவிட்டாற் கறுக்கும். கருப்பு சிவப்புக் கலத்தை வாய் கீழாகக் கவிழ்த்து, வைக்கோல், உமி போன்றவற்றில் விளிம்பு புதையும்படி அடுக்கிச் சுட்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உள்ளே காற்றுப் புகாமையாற் புகைக்கரி ஏறிக் கறுத்தது; வெளியே காற்றுப் பட்ட பகுதி சிவந்தது. இருமுறை சுட்டனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஒரே மண்ணும் ஒரே பூச்சும் தீயின் ஆளுகையால் இரு நிறம் பெற்றன என்பதில் ஐயமில்லை.

கிரேக்கர் இதே கலையை வேறொரு எல்லைக்குக் கொண்டு சென்றனர். ஆதென்சு நகரத்துக் கலங்களின் கருமையை ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் ஏதோ அரிய சாயம் என்றே எண்ணினர். தியோடோர் சூமன் என்னும் ஜேர்மனியர் 1942இல் அது சாயமன்று, வடித்தெடுத்த நுண்களியே என்று காட்டினார். காற்றோடு சுட்டுச் சிவக்க வைத்து, பச்சை விறகிட்டுக் காற்றை அடைத்துக் கறுக்க வைத்து, மீண்டும் காற்றைத் திறந்துவிட்டால், சொரசொரப்பான உடல் திரும்பவும் சிவக்கும். நுண்களிப் பூச்சோ தீயில் இறுகி மூடிக்கொண்டதால் கருமையாகவே நிற்கும். துகளின் நுண்மையே நிறமாக மாறும் விந்தை இது.

கந்தரோடைக்கு வருவோம். அரசாங்கச் சேவையில் இருந்தவரும் வரலாற்றாசிரியருமான போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே அவ்வூரைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். முத்திரை பொறித்த பழங்காசுகளும் றோம நாணயங்களும் அங்கே வயல்களிலும் தோட்டங்களிலும் கிடைத்து வந்தன. அதன் பின் 1970இலே அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்த விமலா பெக்லி, பெனற் புரொன்சன் முதலியோர் கந்தரோடையை முறைப்படி அகழ்ந்தனர். அடித்தளத்திலே கருப்பு சிவப்புக் கலங்கள்; அதற்கு மேலே, பிற நாடுகளோடு தொடர்பு காட்டும் வேறு வகைகள். அவற்றுள் ஒன்று ஆராய்ச்சியாளர் ரூலெட்டட் என்று சொல்லும் சக்கரக் கோலக் கலம்.

அது அகன்று தாழ்ந்த தட்டு. விளிம்பு உள்நோக்கி வளைந்து அலகுபோல முடியும். உள்ளே, தட்டின் நடுவிலே, சிறு சிறு கீறல்கள் வட்ட வட்டமாக அணிசெய்யும். பல் வைத்த சிறு சக்கரத்தை உருட்டியோ, சுழலும் கலத்தின்மேல் வளையும் தகட்டைத் துள்ளவிட்டோ அக்கோலத்தை இட்டிருக்கலாம். உடல் மெல்லியது, சாம்பல் நிறமானது, விரலாற் சுண்டினால் வெண்கலம்போல ஒலிக்கும். பூச்சோ கருமை, கபிலம், செம்மை என நிறம் மாறி மாறி ஒளிரும்.

சேர் மோட்டிமர் வீலர் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இத்தட்டுக்களும், இத்தாலிய அரெற்சோ நகரத்துச் செம்மெருகுக் கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. அரெற்சோக் கலங்களுக்குக் காலம் தெரியும். ஆகவே அரிக்கமேட்டுக்கும் காலம் சொல்லக் கூடியதாயிற்று. அது வீலருடைய பெருங்கொடை, அதனை மறுப்பாரில்லை. சக்கரக் கோலம் மத்தியதரைக் கடல் நாடுகளின் கைப்பழக்கம் என்று கண்ட அவர், இத்தட்டுக்களின் மூலமும் அங்கேயே என்றும், சில இறக்குமதியானவை, ஏனையவை அவற்றைப் பார்த்துச் செய்தவை என்றும் கருதினார். அவருடைய அறிக்கை 1946இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம் அக்கருத்தே நின்றது. கந்தரோடையில் ஓர் ஓடு கிடைத்தால் அங்கே றோமரின் பொருள் வந்தது என்று எழுதினர், கேட்போர் மகிழ்ந்தனர். றோமரின் கை பட்ட பொருள் என்றால் அதற்கொரு மதிப்பு.

அக்கருத்தை அசைத்தவர் கந்தரோடையை அகழ்ந்த அதே விமலா பெக்லி. அரிக்கமேட்டு மண்ணடுக்குகளை மீண்டும் ஆராய்ந்த அவர், 1980களில் எழுதிய கட்டுரைகளிலே, சக்கரக் கோலக் கலங்கள் அரெற்சோக் கலங்களுக்கு முந்திய அடுக்குகளிலேயே இருக்கின்றன என்று காட்டினார். கி. பி. முதலாம் நூற்றாண்டிலே றோமரின் கடல் வணிகம் பெருகுவதற்கு முன்பே இவை பழக்கத்தில் இருந்தன என்றால், வணிகத்தோடு வந்தவை என்று சொல்லுதல் எங்ஙனம்? தட்டின் வடிவத்துக்கும் மேலை நாட்டில் ஒப்பில்லை. கோலம் போட்ட சக்கரம் எங்கிருந்து வந்ததாயினும், கலம் இந்திய மண்ணிற் பிறந்தது என்பது அவர் முடிபு. 1989 முதல் 1992 வரை அவர் தாமே அரிக்கமேட்டில் மீண்டும் அகழ்ந்தார்.

இந்திய மண் என்றால் எந்த மண்? இங்கேதான் களி சாட்சி சொல்ல வந்தது. கோலத்தைப் பார்த்துச் செய்யலாம். வடிவத்தைப் பார்த்துச் செய்யலாம். மண்ணைப் பார்த்துச் செய்ய முடியாது. விசுவாஸ் கோக்தே என்னும் இந்திய ஆய்வாளர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஓடுகளின் கனிமங்களை ஆராய்ந்து, 1997இல் தம் முடிவை வெளியிட்டார். வங்காளத்திலே சந்திரகேதுகர், தாம்லூக் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கங்கைக் கழிமுகத்து மண்ணோடு அவை பொருந்துகின்றன என்றார் அவர். பாலித் தீவிலே செம்பிரான் என்னும் இடத்திற் கிடைத்த ஓடுகளும் அதே மண்ணைக் காட்டின. கனிங்ஹாம் முதலான பிரித்தானிய ஆய்வாளர், அனுராதபுரம், அரிக்கமேடு முதலிய இடங்களின் மெல்லிய கலங்களை இரசாயன முறையில் ஆராய்ந்து 2005இல் எழுதினர்; பல ஊர்களிற் கிடைத்தாலும் அவை ஒரே வகை மண்ணிலிருந்து வந்தவை என்பதே அவர்கள் கண்டது.

கங்கைக் கழிமுகத்து வண்டல், ஆறே வடித்துக் கொடுத்த களி. இமயத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி வரும் நீர், பருமணலை வழியெல்லாம் இறக்கிவிட்டுக் கடையில் நுண்களியைப் படியவைக்கின்றது. குயவன் மூன்று நான்கு பானைகளில் வடித்துப் பெறுவதை ஆறு ஒரு நாட்டளவில் வடித்து வைத்திருக்கின்றது. அதற்கு முன்னரே கங்கைச் சமவெளியில் கருமெருகுக் கலங்கள் செய்யும் கைத்திறன் வளர்ந்திருந்தது. சுண்ணக்கல் நிலத்தில் அத்தகைய களியைத் தேடுவது வீண். கந்தரோடையார் அத்தட்டுக்களைக் கடல்வழியே பெற்றனர் என்று கொள்வதே முறை.

இம்முடிவு சிலருக்கு உவப்பாக இராது. றோமர் பெயரை இழந்தோம், நம்மவர் கையில் ஆனதென்ற பெருமையும் இல்லை என்று அவர் வருந்தக்கூடும். அவ்வருத்தத்துக்கு இடமில்லை. வங்காளக் குடாவைக் கடந்து ஒரு மெல்லிய தட்டு உடையாமல் வந்து சேர்ந்ததென்றால், அதனை ஏற்றி வந்த கப்பலும், இறக்கிய துறையும், விலைகொடுத்து வாங்கிய வீடும் இருந்தன. மாற்றுப்பொருளாக ஈந்ததற்கு இங்கே உழைப்பும் இருந்தது. 1970ஆம் ஆண்டின் அகழ்விலே கந்தரோடையில் ஓர் ஓட்டின்மேல் பிராமியெழுத்துக்களும் கிடைத்தன. தத்தனுடைய பாத்திரம் என்று அதற்குப் பொருள் கொள்வர். அவ்வெழுத்துக்களால் அறிய வருவது பாத்திரத்துக்கு உடையவன் பெயர். வனைந்தவன் பெயரை எவரும் அவ்வோட்டில் கீறி வைக்கவில்லை.

வனைந்தவனைத் தேடுவோர் ஆனைக்கோட்டைப் பக்கம் திரும்புவதே நன்று. அங்குள்ள கருப்பு சிவப்புக் கலங்கள் கடல்கடந்த வணிகப்பொருளின் தோற்றம் உடையவை அல்ல. பருமணல் கலந்த உடலும், கையால் தேய்த்த மெருகும், சமைக்கவும் உண்ணவும் இறந்தார்க்குப் படைக்கவும் பயன்பட்ட வடிவங்களும் உள்ளூர்க் கைத்தொழிலையே நினைவூட்டுகின்றன. புறநானூற்றிலே ஈமத்தாழி வனையும் குயவனை நேரே விளித்துப் பாடிய பாட்டுக்கள் இரண்டு உள. வேந்தன் இறந்தபோதும், கணவனை இழந்தவள் கலங்கியபோதும், புலவரின் பார்வை குயவன்மேற் சென்றது. அத்தகைய மதிப்புப் பெற்ற கைவினைஞர் பாக்கு நீரிணையின் வடகரையில் மட்டுமே இருந்தனர் என்று கொள்ளக் காரணமில்லை.

கந்தரோடையில் உழவு நடக்கும்போதும், ஆனைக்கோட்டையில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் ஓடுகள் மேலே வருகின்றன. பெரும்பாலானவை மண்வெட்டியோடு போய் வேலியோரத்திலே விழும். பழைய ஓட்டையும் அண்மைக்காலத்து ஓட்டையும் பிரித்தறிய வெளிப்புறத்தைப் பார்த்தாற் போதாது. உடைந்த விளிம்பைப் பார்த்தல் வேண்டும். அதனை நீரில் நனைத்து வெளிச்சத்தில் நேரே பிடித்தால், நடுவிலே சாம்பல் நிறமான உடலும், அதனுள் வெண்புள்ளிகளாக மணலும் தெரியும். இரு ஓரங்களிலும், நகத்தின் விளிம்பளவு தடிப்புக்கூட இல்லாமல், மணல் ஒன்றுமே இல்லாத மெல்லிய கோடு ஒன்று ஓடும், பூச்சு அதுதான்.